ஐம்பது நிமிடம்

மார்ச் 4
"நீங்க தப்பாத் திருத்தினா உங்களுக்கு யாரு டீச்சர் மார்க் குறைப்பாங்க?" நான் வேலையில் இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒருத்தி கேட்டது. சிரித்து மழுப்பினேன். மருமகள் கொண்டுவந்த கடிதத்தைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது.

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பது அவள் வேலை. விழிப்பாக இருக்கிறார்களா என்று சோதிக்க, நடுவில் பொய்யாக ஒரு கத்திப் படத்தைத் திரையில் காட்டுவார்களாம். ஞாயிறன்று அவள் அதைக் கவனிக்கவில்லை. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பத்து நாளில் பதில் எழுத வேண்டும்.

மார்ச் 5
மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். திருப்பித் தந்தாள்.

"தவற விட்டது நிஜம் அத்தை. ஆனா இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்தணும். அம்பது நிமிஷம் யாரும் வரலை."

"சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்மா."

"சரிங்க டீச்சர்."

கோபம் வந்தால்தான் டீச்சர் என்பாள்.

மார்ச் 6
செய்தித்தாளில் 'ழ' வரும் இடமெல்லாம் வட்டமிட்டேன். ஐம்பது நிமிடம். மருமகள் சரிபார்த்தாள். முதல் பக்கங்களில் ஒன்றும் விடவில்லை. கடைசிப் பக்கங்களில் பதினொன்றை விட்டிருந்தேன்.

"தலைப்புலயே ஒண்ணு விட்டிருக்கீங்க அத்தை."

எத்தனை வருடம் விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகத் திருத்தினேன். கட்டின் அடியில் இருந்த பிள்ளைகள்?

மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்தேன்.

மார்ச் 9
மேற்பார்வையாளரின் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காம். இருபதாவது நிமிடம், 'நெட்டை' என்று இவர்கள் கூப்பிடும் சக ஊழியர் வந்து அவளை மாற்றினார் என்று எழுதியிருக்கிறதாம். நெட்டை அந்த நேரம் வேறு வாசலில் நின்றிருந்தார். அதை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது.

ஊழியர் சங்கம் வேண்டும் என்று ஆறு மாதமாகப் பேசுகிறார்கள். படிவத்தில் இதுவரை மூன்றே கையெழுத்து.

மார்ச் 10
நெட்டை போனை எடுக்கவில்லை.

மார்ச் 12
அவளோடு வேலை செய்யும் ஒன்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி போதவில்லை. நெட்டை கடைசியாக வந்தார்.

"டீ இருக்குமான்னு பாக்க வந்தேன்."

அன்று யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரே தாளில் எழுதினார்கள். முதல் கையெழுத்து யார்? யாரும் பேனாவைத் தொடவில்லை. மருமகள் சமையலறையிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து தாளில் கவிழ்த்து, சுற்றிக் கோடு போட்டாள்.

நெட்டை வட்டத்தின் மேல் கையெழுத்துப் போட்டார். "இதுல யார் முதல்னு அவங்க தேடட்டும்."

பிறகு சங்கப் படிவமும் கைமாறியது.

மார்ச் 14
இன்று விசாரணை. 'நான் தவற விட்டேன்' என்றுதான் அவள் பதில் தொடங்குகிறது. கூட வேலை செய்பவர்கள் அந்த வரியை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

மார்ச் 27
வேலை நிலைத்தது. அவளுக்கு ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மேற்பார்வையாளருக்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போயிருக்கிறது. இனி திரை முன் உட்காருபவரே பதிவேட்டில் நேரத்தை எழுதுவார். சங்கத்தில் அறுபத்து நான்கு பேர். நெட்டைக்குப் புது ஒப்பந்தம் இன்னும் வரவில்லை; எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள்.

சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன்:

ஒரு செய்தித்தாளை எடுங்கள். ஐம்பது நிமிடம் ஓயாமல் 'ழ'வை மட்டும் வட்டமிடுங்கள். பிறகு அதை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.