கேட்டுக்கொண்டிருந்த முகம்

பாய், இன்று காலைச் செய்தித்தாளில் ஒரு பாடகரின் படம் வந்திருக்கிறது. வாய் அகலத் திறந்திருக்கிறது, கண்கள் இறுக மூடியிருக்கின்றன, முகத்தில் பாதியை மைக் மறைத்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னா வாத்தியாரே, இவருக்குப் பல்வலியா?" என்று கேட்டிருப்பீர்கள். சிரிப்பு வந்தது. அடுத்த கணமே, நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளில் செங்கல்பட்டு கடைத்தெருவில் உங்கள் ஸ்டூடியோ இருந்தது. பள்ளியில் பாடம் நடத்தி முடித்ததும் நான் அங்கேதான் இருப்பேன். எனக்குக் கொஞ்சம் சங்கீதம் தெரியும், உங்களுக்குக் கேமரா தெரியும். அதனால் கச்சேரிகளுக்குச் சேர்ந்தே போனோம். மாமல்லபுரம் கடற்கரைப் பந்தலில் மாலைக் கச்சேரி என்றால், காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். ஐந்து மணி வெயில் எந்தக் கீற்றின் இடுக்கு வழியாக மேடையில் விழும் என்று பார்த்து, அந்த இடுக்கை அடைக்கச் சொல்வீர்கள். இல்லாவிட்டால் பாடுகிறவர் கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஒரு துணிப்பையில் கடல்மணலை நிரப்பி முக்காலியில் வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவைப்பீர்கள். காற்றில் பந்தல் ஆடினாலும் கேமரா ஆடாது. ஃபிலிமை அடுத்த படத்துக்குத் திருப்புவது கைதட்டலின்போது மட்டும். "படம் புடிக்கறது அப்புறம். மொதல்ல நாம அங்க கீறோம்னே தெரியக்கூடாது" என்பீர்கள். பளீரென்று வெளிச்சம் போடும் பல்பை மேடைக்கு முன்னால் நீங்கள் எடுத்ததே இல்லை.

பல்பு இல்லாததால், கால் விநாடியாவது ஆள் அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். எப்போது அசையமாட்டார்கள் என்று சொல்வது என் வேலை. நீங்கள் கேமராவுக்குள் குனிந்திருப்பீர்கள், நான் பின்னால் உட்கார்ந்து உங்கள் தோளைத் தொடுவேன்.

மதுராந்தகத்துப் பாடகி அம்மாள் மாமல்லபுரம் விழாவில் பாடிய முதல் வருஷம் நான் அப்படித்தான் தொட்டேன். அவர் மேலே போய் ஒரே சுரத்தில் நீண்டு நின்ற இடம் அது. கூட்டம் 'ஆஹா' என்றது. அசையாமல் நிற்கிறாரே, இதைவிட நல்ல நேரம் ஏது என்று நினைத்தேன். படம் தெளிவாகவே விழுந்தது. அகலத் திறந்த வாயும் அப்படியே விழுந்தது. விழாக்காரர்கள் அடுத்த வருஷ நோட்டீசில் அந்தப் படத்தையே அச்சடித்தார்கள். பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒன்றில், யாரோ அந்த வாய்க்கு நேராகக் கரியால் ஒரு லட்டு வரைந்திருந்தார்கள்.

கேமரா வந்தால் பாடமாட்டேன் என்று அம்மாள் சொல்லியனுப்பினார். நாம் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"யாரு அந்தப் படத்தை எடுத்தது?"

"நான்தாம்மா" என்றீர்கள்.

"நான் பாடினேனா, இல்ல பல்லு புடுங்கிக்க வாயைத் தொறந்தேனா? கடைக்குப் போனா லட்டு வேணுமான்னு கேக்கறானுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தபா உக்கார வுடுங்கம்மா. புடிக்கலேன்னா ஃபிலிமை உங்க கையிலயே குடுத்துடறேன். அடுப்புல போட்டுடுங்க. அப்புறம் எந்தக் கச்சேரிப் பக்கமும் நான் வரல."

அம்மாள் ஒப்புக்கொண்டார். "ஒரு சத்தம் கேட்டுதோ, பாட்டை நிறுத்திட்டு மைக்குலயே சொல்லிடுவேன்" என்றார்.

அந்த வருஷம் நீங்கள் நடுவில் உட்காரவில்லை. வயலின்காரர் இருந்த பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தீர்கள். மைக் மறைக்காமல் இருக்க என்று நினைத்தேன். நானும் பாடம் கற்றுக்கொண்டதாக எண்ணம்: இந்த முறை உச்சியில் வேண்டாம், கீழே இறங்கி நிற்கும் இடத்தில் தொடலாம். இடம் வந்தது, தொட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அழுத்தித் தொட்டேன். அப்போதும் இல்லை.

அம்மாள் ராகத்தைப் பாடி முடித்து வயலின்காரரிடம் விட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். வயலின்காரர் ராகத்தின் ஒரு பிடியை அழகாக வாசித்தார். அம்மாளின் உதட்டோரம் லேசாக விரிந்தது. நான் தொடவே இல்லை. நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

"பாட்டே நின்னுபோச்சு. இப்போ எடுத்து என்ன பிரயோஜனம்?" என்று உங்கள் காதில் சீறினேன்.

கைதட்டல் வரும்வரை காத்திருந்து சொன்னீர்கள்: "பாடறப்போ மூஞ்சி அவங்க சொன்ன பேச்சைக் கேக்காது வாத்தியாரே. அடுத்தவங்க வாசிக்கறதைக் கேக்கறப்போதான் அது அவங்க மூஞ்சியா கீது."

படத்தோடு மீண்டும் மதுராந்தகம் போனோம். அம்மாள் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல நான் பாடவே இல்லியே."

"வயலினைக் கேட்டுக்கினு கீறீங்கம்மா."

"என் மூஞ்சி இப்படிக்கூட இருக்குமா?" என்றவர், வயலின்காரருக்கு ஒரு பிரதி, தங்கைக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார். பிறகு, "சரியா இந்த நேரத்தை எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்றார்.

"எனக்குப் பாட்டு கீட்டு ஒண்ணும் தெரியாதும்மா. வாத்தியாரு பின்னால குந்தி சொல்லுவாரு."

அம்மாள் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

ரயிலில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "போன தபா அவங்க எதிர்ல பேயறைஞ்ச மாதிரி குந்திகினு இருந்தீங்க. பாவமா இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை பதில் சொல்லும்போது, சொல்லும் பிள்ளையை விட்டுவிட்டு மற்ற பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கப் பழகினேன். பாடம் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். பாதிப் பாடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை எனக்குக் கொடுத்தவர் நீங்கள்.

ஆனால் மதுராந்தகத்துக்கு அதன்பின் எத்தனையோ தடவை போனேன். அம்மாள் வீட்டு வாசலையும் கடந்திருக்கிறேன். அந்த முதல் படத்துக்குத் தோளைத் தொட்டவன் நான், இரண்டாவது படத்துக்கு யாரும் தொடவில்லை என்று இரண்டு வாக்கியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் போய்விட்டார், நீங்களும் போய்விட்டீர்கள். அவர் கூப்பிய கைகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன, பாய். அவை உங்களுக்கு உரியவை.