கூட யாரும் வரவில்லை

ஜனவரி 9

சகலருக்கும் இதனால் தெரிவிப்பது என்னவென்றால், இன்று தொடங்கி நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. படிக்கப்போவது நான் ஒருவன்தான். நானும் நம்பமாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கதாநாயகி என் அக்கா மகள். வெளியூரில் டாக்டருக்குப் படித்து முடித்து, இந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே வேலை வாங்கிக்கொண்டு இன்று வந்து இறங்கினாள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கினாள் என்று நான் வைத்த பெயர் சுண்டெலி. இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டினால் பாரம் தாங்காமல் முன்னால் சாய்ந்துவிடுவாள் போலிருக்கிறது.

சும்மா விடுவேனா? கடைத் திறப்பு, தள்ளுபடி விற்பனை, காணாமல் போன குழந்தை என்று எல்லாவற்றுக்கும் இந்த ஊரின் வாயாக இருப்பவன் நான். ஸ்பீக்கர் கட்டிய என் வேனை எடுத்தேன். மைக்கைப் பிடித்தேன். “வந்துவிட்டார்! வந்துவிட்டார்! அவர் வாசலில் கால் வைத்தால் காய்ச்சல் கொல்லைப்புறமாக ஓடும்! பெயரைக் கேட்டாலே பல்வலி பல்லை விட்டு இறங்கும்! அவர் கைபட்டவர் பிழைப்பார், இது உறுதி, உறுதி, உறுதி!” அடியேனின் சத்தத்தில் அடுத்த ஊரில் காகங்கள் கூட்டை மாற்றிக்கொண்டன.

டாக்டரம்மா சீட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்தாள். “மாமா, போதும் மாமா. நாளைக்கு நான் அங்க எப்படித் தலைகாட்டுறது?”

மூன்றாவது ‘உறுதி’யில் தொண்டை கரகரத்தது. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“பிறந்ததிலிருந்து” என்றேன்.

ஜனவரி 23

வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறாள். அக்காவிடம் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னால் “சரியா சாப்பிட்டியா?” என்பதோடு விசாரணை முடிந்துவிடுமாம்.

“மாமா, இங்க ஒரு நோயாளிகிட்ட முதல்ல என்ன கேக்கணும் தெரியுமா?”

“எங்க வலிக்குதுன்னு.”

“இல்ல. ‘கூட யார் வந்திருக்கா?’ அதுதான் முதல் கேள்வி. முதல் நாளே நர்ஸம்மா சொல்லிக்கொடுத்துட்டாங்க. நோயாளியை வெளியில காத்தாட உட்காரச் சொல்லிட்டு, சொந்தக்காரங்களை உள்ள கூப்பிட்டுச் சொல்லணும். அவங்க என்ன சொல்லச் சொல்றாங்களோ அதை நோயாளிகிட்டச் சொல்லணும். உடம்பு ஒருத்தருது, நோய் குடும்பத்துக்குப் பொதுச்சொத்து.”

“கல்யாணத்துக்கே பொண்ணைக் கேக்காதவங்க, சாவுக்கா ஆளைக் கேக்கப்போறாங்க?” என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 6

மைக்கில் ‘மாபெரும்’ என்று ஆரம்பித்தேன். ‘மா’ வந்தது. ‘பெரும்’ வெறும் காற்றாகப் போயிற்று. ஜவுளிக்கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொன்னார்.

பிப்ரவரி 12

சுண்டெலி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொண்டை டாக்டரின் முன் நிறுத்திவிட்டாள். மூக்கு வழியாக ஒரு குழாய். உள்ளே போனது, என் வாழ்நாள் பொய்களையெல்லாம் வரிசையாகப் பார்வையிட்டது, மலைத்துப்போய் வெளியே வந்தது. கிளம்பும்போது ஒரு துணுக்குச் சதையையும் கிள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பரிசோதனைக்காம்.

பிப்ரவரி 20

“கூட யார் வந்திருக்கா?” என்று தொண்டை டாக்டர் கேட்டார்.

என் மனைவி, அக்கா, சுண்டெலி மூவரும் உள்ளே போனார்கள். என்னை எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிவந்தேன். கதவு திறக்கவில்லை. டீ ஆறி ஏடு கட்டியது.

கதவு திறந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. தூசி விழுந்துவிட்டதாம். மனைவிக்கும் அதே தூசி.

“வீக்கம்தான் மாமா. கத்திக் கத்தி வந்த வீக்கம். மாத்திரை தந்திருக்காங்க. கொஞ்ச நாள் பேசாம இருங்க, சரியாயிடும்” என்றாள் சுண்டெலி, என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பொத்தானைப் பார்க்கக் கூடாது. இது அரிச்சுவடி. அத்தனை வருடம் படிக்கவைத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே!

மார்ச் 1

கொடிய வியாதியின் அறிகுறிகள், நானே கண்டுபிடித்தவை:

மனைவி என்னைத் திட்டவில்லை. ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டில்மேல் போட்டேன். மௌனமாக எடுத்துக் காயப்போட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது.

சலூன்காரர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். என் தாத்தா புலிக்குச் சவரம் செய்தவர் என்றேன். “இருக்கும்ணே, இருக்கும்” என்றார். அந்த மனிதர் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலே சாட்சி கேட்பவர்.

மார்ச் 9

கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்தேன். சமையலறையில் மூவரும் இருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டேன்.

“குரல் போச்சுன்னா அவன் செத்துடுவான்டி. அவனுக்கு வேற என்ன இருக்கு?” — அக்கா.

“ஆபரேஷன் பண்ணா குரல்தான் போகும்மா. பண்ணலைன்னா ஆளே போயிடுவார். இப்போன்னா முழுசா எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றார். தள்ளிப்போட்டா அப்புறம் எடுக்கவே முடியாது. அவர்கிட்டக் கேளுங்கம்மா. அவர் உடம்பும்மா அது.”

“என் தலைமேல சத்தியம் பண்ணியிருக்கே. வாயைத் திறந்தே, நான் உனக்கு அம்மா இல்ல.”

மனைவி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பாத்திரம் ஏற்கெனவே தேய்த்தது.

பூனை மாதிரி திரும்பிப் போய், தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக, “அம்மணி, பசி!” என்று முழங்கிக்கொண்டு நுழைந்தேன். முழக்கம் என்று எழுதுகிறேன். கரகரப்பு. மூவரும் சிரித்தார்கள். நானும். இப்படி ஒரு நாடகத்தை எந்த ஊர் மேடையும் கண்டிருக்காது: நடிப்பவர்கள் நாலு பேர், பார்ப்பதற்கு ஆளே இல்லை.

மார்ச் 10

கேட்டுவிடலாமா? கேட்டால் அவள் சத்தியத்தை உடைக்க வேண்டும். அதனால்தான் கேட்காமல் இருக்கிறேன். என்ன பெருந்தன்மை! — பொய்யா எழுதாதடா. பயமா இருக்கு. அவ்வளவுதான்.

மார்ச் 15

சுண்டெலி வந்தாள். டீ வேண்டாம் என்றாள். குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினாள்.

அவளுடைய வார்டில் ஒரு தையல்கார அம்மா. வயிற்றில் கட்டி, எடுக்க முடியாத நிலை. மகன்கள் சொல்லக் கூடாது என்றுவிட்டார்கள். அந்த அம்மா தினமும் கேட்பாராம், “எப்போம்மா வீட்டுக்கு அனுப்புவே?” இவள் தினமும், “அடுத்த வாரம்.”

“மூத்த பொண்ணோட அவங்களுக்குச் சண்டை மாமா. பேச்சே கிடையாதாம். ‘அடுத்த வாரம் வீட்டுக்குப் போனதும் நானே அவ வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டப்போறேன். படுத்த படுக்கையா இருந்து கூப்பிட்டா பரிதாபத்துல வர்ற மாதிரி ஆயிடும்’னு சொன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, ‘சரி, போங்க’ன்னேன்.”

“அப்புறம்?”

“காலைல போயிட்டாங்க. அந்தப் பொண்ணு மதியம் வந்தா. ‘என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே’ன்னு என்னைப் பார்த்துக் கேட்டா. நான் யார்கிட்டச் சொல்லணும், யார்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மறந்தே போச்சு மாமா. எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன்.”

சுண்டெலியிடமிருந்து எனக்கு வந்த முதல் உண்மை இது. என்னைப் பற்றியதல்ல. ஆனால் சொல்லிவிட்டு என் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தாள்.

மார்ச் 16

இன்றைய தினத்தைப் பொன்னெழுத்தில் எழுத வேண்டும். கையில் இருப்பது நீலப் பேனா.

யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வாங்கினேன். இருமுபவர்களுக்கும் இருமாதவர்களுக்கும் நடுவில், சுவரோரப் பெஞ்சில் ஒரு பிரஜையாக உட்கார்ந்தேன். என் முறை வந்தது. அவள் தலை நிமிராமலே கேட்டாள்:

“கூட யார் வந்திருக்கா?”

“கூட யாரும் வரலை டாக்டர். நோய் மட்டும்தான் வந்திருக்கு.”

பேனா நின்றுவிட்டது. நர்ஸம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா என்ன நினைத்தாரோ, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

“நோயாளி வந்திருக்கேன். என் பேர்ல சீட்டு இருக்கு. சொல்லு. பொத்தானைப் பார்க்காம சொல்லு.”

“மாமா, அம்மா மேல சத்தியம்...”

“உங்கம்மா என்னோட அக்கா. அவ தலைக்கு ஒண்ணும் ஆகாது, ரொம்பக் கெட்டியான தலை. சின்ன வயசுல நானே கல்லால அடிச்சுப் பார்த்திருக்கேன்.”

என் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்ப்பது போல. பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துச் சொன்னாள். புற்று. குரல்வளையில். எடுத்தால் பிழைக்கலாம், பேச முடியாது. எடுக்காவிட்டால் கொஞ்ச காலம் பேசலாம்.

நான் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரிக் கூரை பெயர்ந்து ஆற்றில் போய் விழுந்தது. “எடுத்துடு” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுங்க மாமா. அவசரமில்ல. அதாவது, அவசரம்தான். ஆனா யோசிங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

என் ஆயுளில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான்தான் ஊரைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன், மைக்கில்: உங்களுக்கு என்ன வேண்டும்? சட்டையா, சேலையா?

மார்ச் 25

நாளை ஆபரேஷன். கடைசி வாக்கியமாக என்ன சொல்வது என்று ஒரு வாரமாக ஒத்திகை. வருங்காலம் கல்வெட்டில் வெட்டி வைக்க வேண்டுமே. மனைவியிடம் சொல்வதற்கு ஒன்று, அக்காவிடம் ஒன்று, ஊருக்கு ஒன்று தயார்.

ஏப்ரல் 4

உயிரோடு இருக்கிறேன். கழுத்தில் ஒரு துவாரம். மூச்சு அதன் வழியாகத்தான் போய்வருகிறது. மூக்குக்கு ஓய்வூதியம் கொடுத்தாயிற்று.

ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றும்போது நான் சொன்னது: “செருப்பை எங்க விட்டேன்?”

அதுதான் கடைசி.

ஏப்ரல் 19

வீட்டுக்கு வந்தாயிற்று. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். மனைவி, “எத்தனை தடவை சொல்றது? அறிவிருக்கா?” என்று கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதைவிட இனிமையான சங்கீதம் உண்டா? பதிலுக்குத் திட்ட முடியவில்லை என்பதுதான்.

மே 11

அக்கா தன் மகளோடு பேசுவதில்லை. என் முன்னாலேயே சொன்னாள்: “நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா, இவன் வாய் இன்னிக்கு இருந்திருக்கும்.”

இல்லை என்று கையை ஆட்டினேன். மேஜையைத் தட்டினேன். எழுதிக் காட்டினேன், கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எந்நாளும் எவரிடமும் தோற்காத வாய்ச்சவடால்காரன், தேவைப்பட்ட நாளில் ஒரு சொல் இல்லாமல் நின்றான்.

ஜூன் 28

சுண்டெலி இப்போதெல்லாம் நோயாளியிடமே கேட்கிறாளாம்: “உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமா? வேண்டாமா?” வேண்டாம் என்பவர்களும் உண்டாம். அவர்களிடம் சொல்வதில்லை. வேண்டும் என்று சொன்ன ஒரு கிழவரிடம் சொல்லிவிட்டாள். அவருடைய மகன் ஆள் கட்டிக்கொண்டு வந்து மேஜையைக் கவிழ்த்துவிட்டான். பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாராம்: “ஊரோட ஒத்துப்போம்மா. படிப்பு வேற, ஊர் வேற.”

“அந்தக் கிழவர் மட்டும் தினமும் எனக்கு வணக்கம் வைக்கிறார் மாமா. மகன் இல்லாத நேரமாப் பார்த்து.” டீயைக் கீழே வைத்துவிட்டு, “நான் செஞ்சது தப்பா?” என்று கேட்டாள்.

மூன்று மணி நேரம் அனல் பறக்க உரையாற்றினேன். உள்ளுக்குள்.

ஆகஸ்ட் 17

போகிறாள். வெளிநாட்டில் வேலை. அக்கா வழியனுப்ப வரவில்லை.

வேனில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவள் ரயிலேறியதும் மைக்கை எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. கைப்பழக்கம். கழுத்துத் துவாரத்துக்கு நேரே பிடித்தேன். ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் வந்தது. பெரிதாக, புயல் மாதிரி. ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. யாரோ, “மைக் டெஸ்ட்டு போலருக்கு” என்றார்கள்.

அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள்.

நவம்பர் 30

ஞாயிறுதோறும் போன் வருகிறது. நான் எடுத்து விரலால் இரண்டு தட்டு தட்டுவேன். நலம் என்று அர்த்தம். அவள் பேசுவாள். அங்கே நோயாளிகளிடம் எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிடுகிறார்களாம். ஆனால் பல பேருக்குக் கூட யாருமே வருவதில்லையாம். “சொல்லிட்டு நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வர்றேன் மாமா.” பிறகு, “அம்மா பக்கத்துல இருக்காங்களா?” என்பாள். ஒரு தட்டு. ஆமாம். இன்று அக்காவின் காதருகே போனைப் பிடித்தேன். அக்கா பேசவில்லை. வைக்கவும் இல்லை.

இந்தப் பக்கங்களை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முக்கால்வாசி புளுகு. காகங்கள் கூட்டை மாற்றவில்லை. ஆஸ்பத்திரிக் கூரை அங்கேயேதான் இருக்கிறது. அன்று நான் சிரிக்கவே இல்லை, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வேனில் மைக்கில் கூவியதும் புளுகுதான். காய்ச்சல் ஓடவில்லை. பல்வலி இறங்கவில்லை. அவள் கைபட்டவர்களில் எத்தனையோ பேர் பிழைக்கவில்லை. அந்தத் தையல்கார அம்மா பிழைக்கவில்லை.

அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மையாகிவிட்டது. ஒருவன் பிழைத்தான்.