கனவென்று சொன்னது

அன்பு மர்ழியா,

பழைய ஆங்கிலக் கனவுக் கவிதைகளைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை மானிப்பாய் பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். என்ன எழுத்தடி உனக்கு! ஓடைக்கரையில் தூங்கிப்போன கவிஞனையும், அவன் கனவில் அழியப்போகும் அரசையும் எனக்குப் பக்கத்து இருக்கையில் கொண்டுவந்து இருத்திவிட்டாய்.

“கனவைக் கழுவேற்ற எந்த அரசனாலும் முடியாது. அதனால்தான் வரப்போவதைத் தெரிந்தவர்கள் அதைக் கனவென்று சொன்னார்கள்.” இந்த வரியை மூன்று முறை வாசித்தேன். புத்தளத்து அகதி முகாமிலிருந்து படித்து வந்த என் சிநேகிதி எழுதியது என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் பெருமையடித்தேன்.

பிறகு வேறொன்றும் ஓடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், ரியூசன் வகுப்பு வாசலில் உன்னை மறித்தது ஞாபகமா? “ராத்திரி ஒரு கனவு கண்டனான். உங்கடை தெருவிலை ஒரு சனமுமில்லை, கதவெல்லாம் திறந்து கிடக்கு” என்றேன். நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

“கெட்ட கனவை ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு உம்மா சொல்லுறவ. நிப்பாட்டடி.”

நிறுத்தினேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் நாள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லி, முஸ்லிம்கள் உங்கள் எல்லோரையும் புலிகள் துரத்தினார்கள்.

அந்தக் கவிஞர்களை நீ சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். நான் கனவு காணவில்லை, மர்ழியா. உங்களை அனுப்பப் போகிறார்களென்று, புலிகளோடு இருந்த அண்ணை குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கதைத்ததைக் கேட்டிருந்தேன்.

இப்படிக்கு,
வகுப்பில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்