நூரம்மா தன் இடது மார்பை வழியனுப்பிய காலை

என் நூரம்மாவுக்கு,

நீங்கள் போய் இன்று நாற்பதாவது நாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திஹா ஓதி முடித்துவிட்டார்கள். அன்வர் அண்ணன் ஒரு தூக்கு நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எதையும் நேரில் சொல்லத் தெரியாதவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

காரிமங்கலத்தில் பாதிப் பெண்களுக்கு நீங்கள் டெய்லரம்மா. எனக்கு மட்டும் வேறு. என்னைப் பெற்றதும் அம்மாவுக்கு ஜன்னி கண்டு, தருமபுரி ஆஸ்பத்திரியில் நாற்பது நாளுக்கு மேல் கிடந்தாளாம். அப்பா என்னை ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறார். அப்போது உங்கள் மடியில் ஆறு மாத அன்வர் அண்ணன்.

"நீ அழற சத்தம் சுவத்தத் தாண்டி வரும். நான் மெஷின்ல உக்காந்திருப்பேன். எந்திரிக்கறதுக்குள்ள ஜாக்கெட்டு நனைஞ்சிரும்டி. யாரக் கேட்டு அது சுரந்துச்சு, சொல்லு?" என்று நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்!

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதுவும் விலங்கியல். பால் எப்படிச் சுரக்கிறது என்று படம் வரைந்து பாகங்கள் குறித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்னொருத்தி பெற்ற பிள்ளை அழுதால், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதால், ஓர் உடம்பு ஏன் எழுந்துகொள்கிறது? அந்தப் பாடத்தில் அது இல்லை நூரம்மா.

நாங்கள் சண்டை போடக்கூடாது என்று வலதை அண்ணனுக்கும் இடதை எனக்கும் பிரித்துவிட்டதாகச் சொல்வீர்கள். கட்டி வந்தது இடதில்.

ஏழு மாதம் அதை யாரிடமும் சொல்லவில்லை நீங்கள். ரவிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தைத்துப் போட்டுக்கொண்டீர்கள். ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து துணி எடுக்கக் கை தூக்க முடியாமல் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊருக்கே அளவெடுக்கறவ நானு. என்னோடத யாருகிட்டப் போய்க் காட்டறது?" என்றீர்கள். இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தீர்கள்.

அப்புறம் ரிப்போர்ட்டுகளைப் படித்துச் சொல்வது என் வேலையானது. இடது மார்பை முழுதாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். வெளியே வந்து உங்கள் முன்னால் நின்றேன். தாவணிப் பருவத்துப் பெண் போல விரலை என் மேல் வைத்துக் காட்டினேன்.

"மாரு முழுசா எடுக்கணும், அதான? வாயத் தொறந்து சொல்லேண்டி. அதுவும் கை கால் மாதிரி ஒரு உறுப்புதான்" என்றீர்கள். பெஞ்சில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத்தான் முகம் சுட்டது.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணி இருக்கும். பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். சக்கர நாற்காலி வந்து கட்டில் பக்கத்தில் நின்றது. நீங்கள் காலை மடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தீர்கள்.

"என்னம்மா, மேல தியேட்டர்ல எல்லாம் ரெடி. நீங்க என்னமோ பொண்ணு பாக்க வந்த வூட்டுல காப்பிக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் நர்ஸ்.

"வரேன் சிஸ்டர். எம் புள்ளைங்க ஒண்ணு கேக்கணும். கேக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

பிறகுதான் அந்த வழக்கத்தைச் சொன்னீர்கள். உங்கள் வீடுகளில், கண்ணை மூடப்போகும் தாயிடம் பிள்ளைகள் வந்து, குடித்த பாலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்களாம். தாய், 'பொறுத்துக்கொண்டேன்' என்று சொல்லி அவர்களைப் பால் கடனிலிருந்து விடுவிப்பாளாம்.

அன்வர் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

"அம்மீ, அது மௌத்தாப் போறவங்ககிட்டக் கேக்கறது. நீங்க என்ன சாவவா போறீங்க? நான் கேக்க மாட்டேன்."

"நான் சாவலடா. இதுதான் சாவுது. இவ வர்றதுக்கு முன்னாடி இதுகிட்டயும்தான குடிச்ச?"

"கேக்க மாட்டேன்னா கேக்க மாட்டேன்!" அண்ணன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று தள்ளிப்போனால் மறுபடி எப்போது தேதி கிடைக்குமோ. ஏற்கெனவே ஏழு மாதம் தள்ளிப்போட்டவர் நீங்கள். வீட்டுக்குத் திரும்பினால் இனி வரவே மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? மன்னிப்புக் கேட்பது என்று நினைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்பில் உங்கள் நல்ல கத்தரியால் காகிதம் வெட்டியது, ஒரு பெருநாளுக்கு வைத்திருந்த லேஸை எடுத்துப் பொம்மைக்குக் கட்டியது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அடிப்பாவி, அந்த லேஸ எடுத்தது நீதானா! நான் அன்வர இல்ல அடிச்சேன்?" என்றீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதெல்லாம் வேணாம் கண்ணு. பாலைப் பத்திக் கேளு."

எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. நீங்கள் விட்டுவிட்டால் நான் வெறும் பக்கத்து வீட்டுப் பெண் ஆகிவிடுவேனே. "விட வேணாம் நூரம்மா. அந்தக் கடன் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

நீங்கள் என் கையைப் பிடித்து, அங்கியின் மேலாக, இடது பக்கத்தில் வைத்தீர்கள். நான் வாயால் சொல்லக் கூசிய இடம். கட்டி கல் போல இருந்தது. அதைச் சுற்றி எல்லாம் இதமான சூடு. அதற்கும் அடியில் உங்கள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கண் திறந்து உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு இந்த இடம் தெரிந்திருக்கிறது. என் எலும்பில் முதலில் ஏறியது இங்கிருந்து வந்ததுதான். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"நம்ம வூட்டுல இருந்து ஒருத்தர் கெளம்பினா, ஒரு வார்த்த சொல்லாம அனுப்புவமா? அது கெளம்புது கண்ணு. நீ சொல்லாம யாரு சொல்லுவா?"

கேட்டேன். "உங்ககிட்டக் குடிச்ச பாலைப் பொறுத்துக்கங்க நூரம்மா."

"பொறுத்துக்கிட்டேன். சந்தோசமாப் பொறுத்துக்கிட்டேன்."

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அன்வர் அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பாஷையில் வேகமாக ஏதோ சொன்னார். நீங்கள் அவர் தலையில் கை வைத்தீர்கள். அது போதுமாக இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் தலையைக் குனிந்து, ரொம்ப சகஜமாக, அதனிடம், "சரி, போயிட்டு வா" என்றீர்கள்.

"ஐயோ தாயே!" என்று நர்ஸ் கத்தினார். "அதப் போய் வரச் சொல்றீங்களே! வந்தா நாங்கதான மறுபடி வெட்டணும்?"

வார்டே சிரித்தது. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். நீங்களும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆனால் அடுத்த வார்த்தை உங்களுக்கு வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவரைக்கூட நம் ஊரில் 'போ' என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லையே. அந்த ஏழு மாதத்திலும் அழாத நீங்கள் அப்போது அழுதீர்கள்.

"போ கண்ணு. நல்லாப் பால் குடுத்த. போ."

சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். லிஃப்ட் கதவு மூடும் வரை உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய ஒருத்தியிடமா நான் பால் குடித்தேன் என்று மலைத்துப்போய் நின்றேன். அந்த மலைப்பு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் தைத்தீர்கள். உங்கள் ரவிக்கைக்கு உள்ளே பஞ்சு வைத்து நீங்களே ஒரு பை தைத்துக்கொண்டீர்கள். அதே ஆபரேஷன் செய்துகொண்ட மாரண்டஹள்ளிப் பெண் ஒருத்திக்கும் அவள் அளவுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தீர்கள். பிறகு அந்த நோய் முதுகெலும்பில் வந்தது.

உங்களைக் குளிப்பாட்டி வைத்திருந்த அன்று நான் கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை. உங்கள் சொந்தத்தில் வயதான ஓர் அம்மா, அன்வர் அண்ணனிடம், "பாலப் பொறுத்துக்கச் சொல்லிக் கேட்டியாடா?" என்றார்.

"அதெல்லாம் மூணு வருசம் முன்னாடியே ஆச்சு. நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டோம்."

"ரெண்டு பேரா? நீ ஒத்தப் புள்ளையாச்சே. உனக்கு ஏதுடா கூடப்பொறந்தது?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அதோ நிக்குதே, எந் தங்கச்சி. ஏம்மா அங்கயே நிக்கற? உள்ள வா."

எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். உங்கள் இடது பக்கத்தில் எனக்கு இடம் இருந்தது.

நூரம்மா, பெற்ற அம்மாவுக்கு ஒரு மாதமாக வலது மார்பில் நெறிகட்டியது போல் இருக்கிறதாம். நேற்றுதான் வாய் தவறிச் சொன்னாள். "வெயில் சூடு, தானா அமுங்கிரும்" என்கிறாள். யாரிடம் காட்டுவது என்று அவளும் கேட்கிறாள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு ஏழு மாதம் போனதுபோல் இவளுக்கு இனி ஏழு நாள்கூடப் போக விடமாட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தருமபுரிக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் முன்னால் அவள் தலை குனிந்தால், எங்கே, என்ன என்று நான் வாயைத் திறந்து சொல்கிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் பால் குடித்த மகள்,
அன்வரின் தங்கை,
சுகுணா