வேர் அழுகிய கறிமிளகாய்

ஆரையம்பதி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரஷாந்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் மகள் தர்ஷிகாவும் கண்ணகை அம்மாளின் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குவைத் வெயிலில் உனக்கும் ஒரு நோய்நொடி வரக்கூடாது என்று அவளைத்தான் கேட்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், அழுத முகத்தோடு போய் நீ வேலை செய்கிற வீட்டு மேடத்துக்கு முன்னால் நிற்பாய், அது எனக்குப் பிடிக்கவில்லை. லீவில் வந்த கேதீஸ்வரி நாளைக்கு மறுநாள் குவைத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படி.

கறிமிளகாய் எல்லாம் செத்துவிட்டது மகள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. போன மாதம் அம்மா போட்டோ அனுப்பினாளே, வெள்ளைப் பூவும் பிஞ்சுமாக, அதே செடிகள்தான், குழாய்களில் நின்றதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம்முடைய கிணறு உப்பாகிப்போனதால் மண்ணில் ஒன்றும் வராது, மண்ணே இல்லாமல் மழைத் தண்ணீரைக் குழாய்க்குள் ஓடவிட்டு வளர்க்கலாம் என்று வீட்டுத்தோட்டத் திட்டக்காரர் வந்து வலைப்பந்தல் போட்டுத் தந்தபோது நீ அங்கே போனில் குதித்தது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. மருந்து, உரம் படாத காய் என்றால் பாசிக்குடா ஹோட்டல்களுக்குக் கிழமைக்குக் கிழமை எடுக்கிறேன் என்று காத்தான்குடி றிஸான் தம்பியும் சொல்லியிருந்தார். அதனால்தான் மீன் தலையும் குடலும் பனங்கட்டியும் போட்டுப் பிளாஸ்டிக் பரலில் ஊறவைத்த கரைசலையே செடிக்கு உணவாகக் கொடுத்தோம். வாவி மீனுக்கு நமக்கென்ன பஞ்சம்.

வைகாசிச் சடங்கு வந்தது. அம்மன் கோயில் கதவு திறந்தால் கடைசி நாள் திருக்குளிர்த்திப் பூசை முடியும்வரை இந்த ஊரில் மீன் வாசம் ஆகாது என்று உனக்குத் தெரியும். வீட்டு வளவுக்குள்ளே ஒரு பரல் மீனை வைத்துக்கொண்டு எப்படிக் கோயிலுக்குப் போவது என்று அம்மா கிடந்து தவித்தாள். கடைசியில் பரல் மூடியை இறுக்கி, மேலே ரப்பர் விரிப்பும் சுற்றிக் கட்டி, வேலியோரம் உருட்டிவிட்டாள். குழாய்க்குள்ளே ஓடுகிற தண்ணீரும் மணக்கிறது என்று மோட்டரையும் பகலில் நிறுத்திவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. மூடியை இறுக்கக்கூடாது, கரைசலுக்குக் காற்றுப் போகவேண்டும் என்று திட்டக்காரரின் பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள், சடங்கு நேரத்தில் அது எவருக்கு ஞாபகம் வரும்.

சடங்கு முடிந்து பார்த்தால் இலை மஞ்சளடித்துப்போய் நிற்கிறது. பசியில் நிற்கிறது என்று பதறிப்போய்ப் பரலைத் திறந்து, காற்றடிக்கவும் விடாமல், அப்படியே தொட்டிக்குள் ஊற்றினது நான். கரைசல் அழுகியிருந்தது. வேறு ஆளென்றால் மணத்திலேயே கண்டுபிடித்திருப்பான். பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்த என் மூக்குக்கு ஊறின மீனும் அழுகின மீனும் ஒன்றுதான். விடிந்து பார்த்தேன், பூவெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு செடியைத் தூக்கினால் வேர் கறுத்துச் சளிபோலக் கையோடு வந்தது. பயிற்சி தந்த பிள்ளை வந்து பார்த்துவிட்டு, மண் என்றால் இந்த அழுகலைத் தின்று செமிக்கப் புழுப்பூச்சி இருக்கும், வெறும் தண்ணீரில் என்ன இருக்கு ஐயா, வேர் மூச்சுத் திணறித்தான் செத்திருக்கு என்றாள். ஒரு வீட்டுக்கு ஒரு தரம்தான் கன்று கொடுப்பார்களாம், அதையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. சடங்கு நேரத்தில் வளவுக்குள் மீனை வைத்திருந்ததற்குக் கண்ணகை அம்மாள்தான் தண்டித்துவிட்டாள் என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அம்மாளுக்கு வேறு வேலையில்லையா என்று கத்திவிட்டேன், கத்தின பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ போனில் அவளிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதே.

இனி வலை வீசுவோம் என்றால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. பிரதீஸ் இருந்திருந்தால் நீ போயே இருக்கமாட்டாய், செத்த மருமகனை நினைத்து இப்போது என்ன. இன்னும் இரண்டு வருசம் இருக்கிறாயா என்று மேடம் கேட்கிறா, காய் பிடித்தால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாறன் அப்பா என்றாயே, அதற்கு நான் பதில் சொல்லவேண்டும். எழுதாதீங்க, பிள்ளை வரட்டும், கஞ்சியென்றாலும் ஒன்றாக இருந்து குடிப்பம் என்று அம்மா அழுகிறாள். கஞ்சிக்கும் அரிசி வேண்டும். மேடத்திடம் ஓம் என்று சொல்லு மகள். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை, மனம் வெந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டேன் என்றாயே, அந்த இடத்தில் தண்ணீர் படவிடாதே, கேதீஸ்வரியிடம் எண்ணெய் கொடுத்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் அம்மாள் உன் தலையில் கை வைத்தபடி இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. தீபாவளிக்கு அம்மா வாறா என்று தர்ஷிகா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எப்ப வாறீங்க என்று போனில் கேட்டால் நீ பொய் சொல்லாதே, போனை அம்மப்பாவிடம் கொடு என்றும் சொல்லாதே, நீங்களே சொல்லுங்க என்று அவள் விடாமல் நிற்பாள். பேசாமல் வைத்துவிடு. அவளுக்கு நானே சொல்கிறேன்.

உன் அப்பா,
க. சீனித்தம்பி.