முன்கூட்டியே கேட்ட கதை

வியாழக்கிழமை, மழை விட்டுவிட்டது.

அல்ப விஷயம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

தினமும் சாயங்காலம் காபி ஆனதும், அந்தக் காலத்து ரேடியோ துப்பறியும் நாடகம் ஒன்றை அவரும் நானும் போனில் கேட்போம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதுவோம். தோற்றவர் ராத்திரி பாத்திரம் தேய்க்க வேண்டும். இரண்டு மாதமாக நான்தான் தேய்க்கிறேன். என்ன மூளை இவருக்கு என்று மன்னியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

இன்று காலை அவர் வாக்கிங் முடித்துக் குளிக்கப் போனார். அவர் போனை எடுத்துப் பார்த்தால், சாயங்காலம் கேட்க வேண்டிய நாடகத்துக்கு அடியில், எதுவரை கேட்டாச்சு என்று காட்டுகிற சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருந்தது.

வந்ததும், "இன்னிக்குக் கதையை முன்னாடியே கேட்டுட்டேளா?" என்றேன்.

"சேச்சே, உன்னை விட்டுட்டுக் கேப்பேனாடி?"

சாயங்காலம் தாடையைச் சொறிந்துகொண்டு, "தோட்டக்காரனா இருக்குமோ?" என்று யோசிக்கிற மாதிரி நடித்தார். சீட்டில் வக்கீல் என்று எழுதினார். வக்கீலேதான்.

"இதுல முகம் கிடையாது, குரல்தான். பொய் சொல்றவன் குரல் எங்கேயாவது பிசிறும். அதைப் பிடிக்கறதுதான் ருசி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். காலையில் இவர் குரல் துளிக்கூடப் பிசிறவில்லை.

இப்போது பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் எத்தனை தடவை என்னிடம் சேச்சே சொல்லியிருப்பார்?