அப்பாவின் தலைக்கு நீ அனுப்பிய மின்சாரம்

அன்பு மகன் வருணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் எங்கள் மாத்திரை டப்பாக்களும் சுகம். அங்கே கோப்பன்ஹேகனில் நீயும் உன் குளிரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளில் எழுதி ஸ்டாம்பு ஒட்டுகிறாள் என்று யோசிக்காதே. நீ அழைத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், நான் செய்தி தட்டினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். அவருக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் தங்கை ரோஷினி அவரை முடிவெட்டத் தேக்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறாள், அவர்கள் திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

நீ அனுப்பிய மூளை மின்சார இயந்திரம் வந்து இரண்டு மாதமாகிறது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, அதில் இரண்டு பஞ்சு, பஞ்சில் உப்புத் தண்ணீர், தினமும் இருபது நிமிடம், லேசான கரண்ட் பாய்ந்து ஞாபகசக்தி ஏறும் என்று நீ வீடியோவில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாய். நாங்களும் பயபக்தியோடு கேட்டோம். அப்பா தினமும் காலையில் குளித்து, வழக்கம்போல் தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, அதன் மேல் பட்டையைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்காருவார். சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரியும், நாங்கள் கரண்ட் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஒரே வாரத்தில் மூளை பளிச்சென்று ஆகிவிட்டது என்று காப்பிக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணத்தில் பந்தியில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார், நீ வைக்கும் ஞாபகச் சோதனையிலும் மதிப்பெண் எண்பதுக்கு அறுபத்தொன்றாக ஏறியது. நீயும் கட்டை விரல் படமாக ஏழெட்டு அனுப்பினாய். மூன்று வாரம் கழித்து, கீழே கைபேசி பழுதுபார்க்கும் ஜாஃபரிடம் சார்ஜர் வாங்கப் போனபோது இதையும் காட்டினேன். அவன் என் கைபேசியில் இருக்கும் இயந்திரத்தின் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். ஆன்ட்டி, இதுல ஒரு நாள்கூட கரண்ட் போகவே இல்ல, தலையில இருக்கிற எண்ணெய் அதைத் தடுக்குது, சிவப்பு எரிஞ்சா வேலை செய்யலைன்னு அர்த்தம் லா என்றான். அப்புறம் ஷாம்பு போட்டுத் தேய்த்து, பச்சை விளக்கு எரிய, நிஜமாகவே கரண்ட் பாய்ந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. அந்த வாரம் மதிப்பெண் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இது எந்த நோயையும் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்லவில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பட்டம் வாங்கியவன் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கலாம்.

உன் சோதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் படத்தைக் காட்டி, இது யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டு, படத்துக்கு இரண்டு மதிப்பெண் போடுகிறாயே, அதைத்தான். என் சின்ன அண்ணன் மனைவி படத்தைக் காட்டினாய், அப்பா தெம்பனிஸ் அத்தை என்றார். நீ தப்பு போட்டாய். உன் அட்டவணைப்படி சரியான விடை மனோரஞ்சிதம், வசிப்பது பொங்கோல். அடேய், அவள் தெம்பனிஸ் வீட்டை விட்டுப் பொங்கோலுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆனாலும் நமக்கு அவள் தெம்பனிஸ் அத்தைதானே? அவள் பெயர் மனோரஞ்சிதம் என்று எனக்கே அவள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்துத்தான் தெரியும். மார்சிலிங் மாமாவுக்கும் அதே கதி, முத்தையா என்று சொல்லவில்லையாம். அந்த மனிதரே போன் எடுத்தால் மார்சிலிங் பேசுறேன் என்றுதான் சொல்கிறார், அவருக்கும் நீ தப்பு போடுவாய் போலிருக்கிறது. நாற்பது படத்தில் இப்படி எத்தனை தப்பு என்று நான் எண்ணவில்லை, எண்ணுவதெல்லாம் உன் வேலை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த ஐம்பத்தெட்டை நீ ரோஷினிக்கு அனுப்பி, இனிமேல் அவள் மகள் ரக்ஷனாவைப் பாலர் பள்ளியிலிருந்து அப்பா அழைத்து வரக்கூடாது, ஆபத்து என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருக்கிற ஒரே வேலை அது. பதினொன்றரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ரோஷினி என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கேட்டாள். ஒரு வாரம் பொறு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உன் அட்டவணையைப் பொய்யாக்கிக் காட்டத்தான் கிளம்பினேன், அதை மறைக்கவில்லை.

நான்கு நாள் அவர் பின்னாலேயே போனேன். எழுபது வயதில் துப்பறியும் வேலை. பள்ளி இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே தபால்பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அங்கே நின்று யாரோ ஒருவருடைய பெட்டியைத் திறக்கிற மாதிரி நடித்தேன். முதல் மூன்று நாளும் சரியான நேரம், சரியான வழி, சாலையைக் கடக்கும்போது பிள்ளையின் கை அவர் கைக்குள். உனக்கு எழுத வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் கூர்தீட்டி வைத்திருந்தேன். நான்காவது நாள் வாசலில் ஆசிரியை ஆஸ்மாவிடம் ரோஷினியைக் கூப்பிடச் சொன்னார். ஆஸ்மா நல்ல பெண், ரக்ஷனாதானே தாத்தா என்று மெதுவாகச் சொல்லி உள்ளே போனாள். பெயர் மாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்கு நான் பயப்படவில்லை. பிள்ளை தாத்தா என்று கத்திக்கொண்டு ஓடி வந்து நின்றாள். அவர் யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போல அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார், கையை நீட்டவில்லை. அரை நிமிடம் இருக்கும். அவளே அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே வீடு வரை போனேன், வேறெதுவும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். தபால்பெட்டிகிட்ட நீ நின்னதைப் பார்த்தேன் என்றார். அப்புறம் சொன்னார், தீபாவளிக்கு முன்னாலிருந்தே தெரியுமாம், சில சமயம் எல்லாம் அழிந்து போய்த் திரும்பி வருகிறதாம், சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவோம் என்று பயந்து மறைத்தாராம். அப்படியிருக்க அந்தப் பட்டையை நம்பியா தினமும் கட்டினீர்கள் என்று கேட்டேன். அதுல ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும், பையன் அவ்வளவு தூரத்துல இருக்கான், அவனால முடிஞ்சது அதுதான், நான் போட்டுக்கலைன்னா அவன் என்னதான் செய்வான், இதை அவன்கிட்ட சொல்லிடாத என்றார். இதோ, நான் சொல்லிவிட்டேன். உன் சோதனை தப்பு, உன் இயந்திரம் வெத்து, ஆனால் உன் பயம் சரி. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஐந்து நாள் ஆனது.

மறுநாள் அவரே ரோஷினியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அழுதாள், திட்டவில்லை. இப்போது நாங்கள் இருவருமாகப் போய்ப் பிள்ளையை அழைத்து வருகிறோம், அவர் ஒரு கை நான் ஒரு கை. பலதுறை மருந்தகத்து டாக்டர் எழுதிக் கொடுத்து, ஞாபகமறதிக்கான சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பத்தொன்பதாம் தேதி கிடைத்திருக்கிறது. அதன் பிறகு என்ன என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீயும் நானும் சொல்ல வேண்டாம். பட்டையை அவர் இன்னும் கட்டிக்கொள்கிறார், நானும் தடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை படங்களைக் காட்டாதே. உனக்கு விடை தெரியாத எதையாவது அப்பாவிடம் கேள். சின்ன வயதில் அவருக்கு யாரைக் கண்டால் பயம், பேருந்துப் பணிமனையில் முதல் நாள் என்ன செய்தார், நீ பிறந்த அன்று மருத்துவமனைக்கு எப்படி வந்து சேர்ந்தார், எதுவானாலும் சரி. தப்பா சரியா என்று பார்க்காமல் கேட்டுக்கொண்டிரு. இந்த வருடமே கேள்.

உன் அன்பு அம்மா,
ரத்தினம்மா
புக்கிட் பாத்தோக்